நல்ல காலுக்கு ஓர் உறை

எந்தக் காலுக்கு என்று தாஹிரா கேட்டதும் இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். அன்புமணி வலது என்றான். முருகேசன் இடது என்றான்.

தாஹிரா கையில் அளவு நாடாவோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். திண்டுக்கல் பேகம்பூர்ச் சாலையில் அவளுடைய கணவர் போட்ட கடை அது. இடுப்புப் பட்டை, கழுத்துப் பட்டை, ஊன்றுகோல், சர்க்கரை நோய்க்காரர்களுக்கான மெத்தென்ற செருப்பு என்று, உடம்பு ஒத்துழைக்க மறுத்தபின் தேவைப்படுகிற பொருள்கள் எல்லாம் அங்கே இருந்தன. கணவர் சரக்கெடுக்க வெளியூர் போகிற நாள்களில் அவள்தான் கடையில் இருப்பாள்.

"முட்டி யாருக்குண்ணே வலிக்குது? உங்களுக்கா, இவருக்கா?"

"இவருக்குத்தான்" என்றான் முருகேசன்.

"அப்ப இவரு சொல்லட்டும்."

"வலிக்கிறது வலது" என்றான் அன்புமணி.

"மாட்டுறது இடது" என்றான் முருகேசன்.

"வயித்து வலிக்குத் தலையில தைலம் தேய்க்கிற மாதிரில்ல இருக்கு." தாஹிரா நாடாவைச் சுருட்டிக்கொண்டு டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்தாள். "இதுல வலதுன்னுதான் போட்டிருக்கு. நீங்க ரெண்டு பேரும் வெளிய நின்னு பேசி முடிச்சுட்டு வாங்கண்ணே. நான் செத்த நேரத்துல இவுகளுக்குச் செருப்பு எடுத்துக் குடுத்துடுறேன்" என்று பக்கத்தில் காத்திருந்த ஒரு பெரியவரைக் காட்டினாள்.

அவர்கள் வெளியே போகவில்லை. போனால் படி இறங்க வேண்டும்.

அது 2003ஆம் ஆண்டு. அன்புமணிக்கு முப்பத்தொரு வயது. வேடசந்தூர் சாலையில் இருந்த ஒரு நூற்பாலையின் கபடி அணியில் அவன்தான் முதலில் பாடிப் போகிறவன். ஆலையின் பழைய முதலாளிக்குக் கபடிப் பித்து இருந்தது. ஊர்ப் போட்டிகளில் நன்றாக ஆடுகிறவர்களைப் பார்த்தால் மறுநாளே வேலைக்கு எடுத்துவிடுவார். வருகைப் பதிவில் அவர்கள் நூல் நூற்கும் பிரிவில் இருப்பார்கள். ஆனால் அந்தப் பிரிவுக்குள் காலெடுத்து வைக்க மாட்டார்கள். ஸ்டோரில் உட்கார்ந்து சாமான்களை எண்ணி எடுத்துக் கொடுப்பது, வாசலில் லாரி எண் எழுதுவது, மாலையில் மைதானத்துக்குப் போவது. ஆலையில் இதற்கு 'ஸ்போர்ட்ஸ் டூட்டி' என்று பெயர். அன்புமணி ஒன்பது வருடமாக ஸ்போர்ட்ஸ் டூட்டியில் இருந்தான். அவனை ஆலைக்குக் கொண்டுவந்தவன் அணித் தலைவன் முருகேசன். பிறகு அதே முருகேசன் தன் தங்கை மகேஸ்வரியையும் அவனுக்குக் கட்டிக்கொடுத்தான். அன்புமணி அவளுக்கு அத்தை மகன் என்பதால் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

வலது முழங்கால் முதலில் போனது குஜிலியம்பாறையில். மழையில்லாத வருடத்துத் தரை, தண்ணீர் தெளித்தும் இளகாமல் கிடந்தது. தொட்டுவிட்டுத் திரும்பும்போது பாதம் நின்ற இடத்திலேயே நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. புதுத் துணியைக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. அது தனக்கு மட்டுமா, எல்லோருக்குமா என்று அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் வைத்துக் கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்ததும் ஆடப் போனான். இரண்டாவது முறை சித்தையன்கோட்டையில், எதிரணியின் இரண்டு பேர் மேலே விழுந்து. மூன்றாவது முறை பயிற்சியின்போது, யாருமே தொடாமல். அதன்பிறகு அந்த முழங்கால் தன் இஷ்டத்துக்கு நழுவத் தொடங்கியது. பேருந்திலிருந்து இறங்கும்போது நழுவும். கழிப்பறையில் உட்கார்ந்து எழும்போது நழுவும்.

இடது காலின் கதை வேறு. சித்தையன்கோட்டைக்குப் பிறகு அவன் வலது முழங்காலில் ஒரு எலாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினான். பிடிக்கிறவர்கள் பாடி வருகிறவனின் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைப் பார்ப்பார்கள். துணி சுற்றிய இடம் நோயுள்ள இடம். அங்கே விழுந்து பிடித்தால் ஆள் எழமாட்டான். இதை யாரும் தப்பென்று நினைப்பதில்லை, அதுவும் ஆட்டத்தில் சேர்த்திதான். அன்று எதிரணி முழுவதும் அந்த உறையின் மேலேயே விழுந்தது.

அடுத்த போட்டியில் முருகேசன் உறையைக் கழற்றி அவனுடைய இடது காலில் மாட்டிவிட்டான். "இப்பப் போ மாப்ள." எதிரணி இடது காலில் பாய்ந்தது. அது நல்ல கால். தொங்கிக்கொண்டிருந்த மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு அன்புமணி நடுக்கோட்டைத் தொட்டான். ஆலை வேனில் திரும்பும்போது வழியெல்லாம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அன்றிலிருந்து இரண்டு வருடமாக உறை நல்ல காலில்தான் இருந்தது.

வாரத்துக்கு வாரம் மூன்று பேர் வந்து விழுகிற கால் எத்தனை நாளைக்கு நல்ல காலாக இருக்கும் என்று முருகேசனும் யோசிக்கவில்லை, அன்புமணியும் யோசிக்கவில்லை. இந்தப் பங்குனியில் இடது முழங்காலும் வீங்கிக்கொண்டது.

டாக்டர் இரண்டையும் மடக்கிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார்.

"அடிபட்டது வலதுன்னு சொல்றீங்க. இடது எப்படி இவ்வளவு வீங்குச்சு?"

அன்புமணி சொன்னான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இரண்டாவது தடவை சொல்லும்போது அது வேறு யாரோ செய்த காரியம்போல அன்புமணிக்கே இருந்தது.

"ஆட்டத்தை விட்டுருங்க" என்றார் டாக்டர். "ஆபரேஷன்னா மதுரைக்குத்தான் எழுதித் தரணும். அதுக்கப்புறம் ஆடலாம்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். இப்போதைக்கு வலதுக்குக் கம்பி வெச்ச பெல்ட் போடுங்க. காலையில எந்திரிச்சா போடணும், படுக்கும்போதுதான் கழட்டணும். இடதுக்கும் பின்னாடி தேவைப்படலாம்."

இப்போது தாஹிரா அந்தக் கம்பி வைத்த பெல்ட்டைத்தான் மேசைமேல் எடுத்து வைத்தாள். கறுப்புத் துணி, இருபுறமும் நடுவில் கீல் வைத்த இரண்டு எஃகுப் பட்டைகள், கட்டுவதற்கு நான்கு ஒட்டுப்பட்டைகள். முருகேசன் அதைக் கையில் வாங்கிக் கீலை மடக்கி நீட்டினான். ஆட்டத்துக்காக ஆலைக்கு வருமுன் அவன் ஃபிட்டர் வேலை பார்த்தவன்.

"நல்ல கீலுதான். ஆனா இரும்பு. ஆட்டத்துக்கு முந்தி ரெஃப்ரி நகத்தப் பாப்பான், மோதிரத்தப் பாப்பான், அரணாக்கயித்தக்கூட இழுத்துப் பாப்பான். இத விடுவானா?"

"போட்டுப் பாக்கட்டும்ணே. போட்டுப் பாக்கத் தடையில்ல" என்றாள் தாஹிரா.

அன்புமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். ஆண்களுக்குக் கட்டிவிடுகிற கடைப்பையனைத் தாஹிரா தேடவில்லை. எப்படிக் கட்ட வேண்டும் என்று எட்ட நின்று சொன்னாள், அவன் கட்டினான். எழுந்து இரண்டு நடை நடந்தான். வாசலுக்குப் போய்ப் படியில் இறங்கினான். சுவரைப் பிடிக்கவில்லை என்பது கீழே போய்ச் சேர்ந்தபிறகுதான் அவனுக்கே தெரிந்தது. ஏறினான். மறுபடியும் இறங்கினான். சாலையில் போன ஒரு சைக்கிள்காரர் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஆளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

முருகேசனும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். வந்து படியில் உட்கார்ந்தான்.

"மாப்ள, ஞாயித்துக்கெழம மட்டும் முடியட்டும்."

"மச்சான், டாக்டர் சொன்னத நீங்களும் கேட்டீகள்ல."

"கேட்டேன். பெரியவரு இருந்தவரைக்கும் நமக்குக் கவலையில்ல. மகன் வந்ததுலருந்து, இந்த டீமு எதுக்குன்னு கேக்குறாரு. நம்ம மில்லு லேபர் ஆபீசரே ஞாயித்துக்கெழம குஜிலியம்பாறைக்கு வாராரு. முதல் ரவுண்டுலயே தோத்தோம்னா அம்புட்டுப் பேரும் திங்கக்கெழம ரிங் ஃபிரேமுக்கு. நீ இந்தக் கம்பியக் கட்டிக்கிட்டு கேட்டுல நொழஞ்சா, அதுக்கும் முந்தியே போயிருவ." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஞாயித்துக்கெழம ஆடிரு. பெறவு கம்பியக் கட்டு, கட்டையக் கட்டு, நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

ஆலைக்காரர்களுக்கு ரிங் ஃபிரேம் என்றால் என்ன என்று தெரியும். நீள நீளமான நூற்பு எந்திரங்கள். இரண்டு வரிசைகளுக்கு நடுவில் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்க வேண்டும். அப்படி நடக்கிற தொழிலாளிக்கு சைடர் என்று பெயர். ஷிஃப்ட் முடியும்வரை சைடருக்கு உட்கார இடம் கிடையாது.

அன்புமணி பெல்ட்டைக் கழற்றி, வந்த மாதிரியே மடித்துப் பெட்டிக்குள் வைத்தான். பழைய உறை தளர்ந்துபோயிருந்ததால் புதிய எலாஸ்டிக் உறை ஒன்று மட்டும் வாங்கினார்கள். இடது காலுக்கு.

"நல்லா இருந்துச்சேண்ணே, நடை" என்றாள் தாஹிரா. அவன் தலையாட்டினான். "சரி. டாக்டர் கேட்டா இத என் கடையில வாங்குனதாச் சொல்லிறாதீங்க."

அவன் வீட்டுக்குப் போனபோது மகேஸ்வரி கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பையை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள்.

"கம்பி எங்க?"

"இல்ல."

"கடையில இல்லையா, நீ வாங்கலையா?"

அவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான்.

"எங்கண்ணன் கூட வந்துச்சா?"

"வந்தாரு."

"அதான பாத்தேன்." அவள் உறையை மறுபடி பைக்குள் திணித்தாள். "கட்டிக்குடுத்த தங்கச்சிக்கு இம்புட்டுச் செய்யிறாரு பாரு."

"அவரு சொல்றதும் ஞாயந்தான் மகேசு. இந்த முட்டிய வச்சுக்கிட்டு ரிங் ஃபிரேமுல எப்பிடி நடப்பேன்?"

"இப்ப மட்டும் எப்பிடி நடக்குற? தண்ணிக்கொடத்த நாந்தான் தூக்குறேன். நீ புள்ளையத் தூக்கிக்கிட்டு வாசப்படி தாண்டுனா எனக்கு ஈரக்கொல நடுங்குது." அரிவாள்மனையில் அவள் கை நின்றது. "ஒனக்கு எந்தக் காலு வலிக்குதுன்னு இந்த ஜில்லாவுல ஒருத்தனுக்கும் தெரியாது. கட்டுன எனக்கே மறந்துபோகுது. போன வாரம் தைலத்த எடுத்துட்டு வந்து இடதுல தேய்ச்சேன். நீயும் காமிச்சுக்கிட்டு உக்காந்திருந்த."

"அதுவும் வலிச்சுச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். பிறகு இருவரும் சிரிக்கவில்லை.

"சோத்துக்கு வெஞ்சனம் இதான்" என்று கொத்தவரங்காயைக் காட்டினாள். "வேணும்னா அப்பளம் பொரிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் குஜிலியம்பாறையில் வெயில் தணியவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் டிராக்டர் தண்ணீர் தெளித்துவிட்டுப் போயிருந்தது. தெளித்த இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்தது. லேபர் ஆபீசர் பொன்னுத்துரை, கோயிலில் பூசை முடிந்து நேராக வந்தவர்போல இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், விழாக் குழுவினர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் அவர்கள் கொடுத்த கலர் பாட்டிலைக் குடிக்காமல் வைத்திருந்தார்.

எதிரணி ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வந்திருந்தது. எல்லோரும் இளவட்டங்கள். அவர்களுடைய தலைவன் மட்டும் அன்புமணியைவிடக் கொஞ்சம் மூத்தவன். அந்த அணியில் பாடி வருகிற ஒருவன் இரண்டு முழங்காலிலும் உறை போட்டிருந்தான்.

"இவன எங்கடா பிடிக்கிறது?" என்று ஆலை அணியில் ஒருவன் முணுமுணுத்தான்.

"இடுப்புல பிடி" என்றான் முருகேசன்.

ரெஃப்ரி நகம் பார்த்தார், உடம்பில் எண்ணெய் தடவியிருக்கிறதா என்று தோளைத் தொட்டுப் பார்த்தார். விசில் ஊதினார். முதலில் பாட ஆலை அணிக்கு வாய்ப்பு வந்தது. அன்புமணி கோட்டுக்கு வந்து, புது உறையை இடது காலில் இழுத்துவிட்டுக்கொண்டு, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டான். எதிரணித் தலைவன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் ஆட்களின் பக்கம் திரும்பி, ரகசியமாகக்கூட இல்லாமல், சாதாரணமாகச் சொன்னான்.

"டேய், ஒறை போடாத காலப் பாத்துப் புடிங்க. இப்பல்லாம் நல்ல கால்லதான் மாட்டிக்கிட்டு வாராங்க."

அவர்கள் சிரித்தார்கள். அதில் பகை எதுவும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயத்துக்குச் சிரிக்கிற சிரிப்பு அது.

அன்புமணி பாடிக்கொண்டே உள்ளே போனான். ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரின் கண்ணும் அவனுடைய வலது முழங்காலில் இருந்தது. வெறும் முழங்கால், மேலே ஒன்றும் இல்லை. எத்தனை ஊர் மைதானத்தில் எத்தனை பேர் இதே வேலையைச் செய்திருந்தால் இது இவ்வளவு பழசாகியிருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. மூச்சு விடாமல் பாடிக்கொண்டிருந்த வாய் தன் பாட்டுக்குப் பாடியது. மூலையில் நின்றவன் குனிந்து கையைத் தயாராக வைத்தான். அன்புமணி குறுக்குக் கோட்டைக் கடந்து ஒரு காலை வைத்தான். பாடிப் போனவன் அவுட் ஆகாமல் திரும்ப விதிப்படி அது போதும். யாரையும் தொட முயலாமல், முதுகைக் காட்டாமல், பின்னாலேயே நடந்து தன் பக்கம் வந்து சேர்ந்தான்.

வந்ததும் கையைத் தூக்கினான்.

"என்ன மாப்ள?" என்று முருகேசன் ஓடிவந்தான்.

"ஆள மாத்துங்க மச்சான்."

"ஏலே, ஒரு பாட்டுதான போயிருக்க! இன்னும் அடியே படலையே!"

"படுறதுக்கு முந்தி மாத்துங்க."

முருகேசன் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். "பாடிப் போனவரு பயந்துட்டாருடோய்" என்று ஒரு குரல் கேட்டது. முருகேசனின் முகம் கறுத்துப்போனது. அவன் திட்டியிருந்தால் அன்புமணிக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எனக்கும் நாப்பது ஆகப்போகுதுடா, நானும்ல ரிங் ஃபிரேமுல நடக்கணும்" என்று மட்டும் சொன்னான். பிறகு மாற்று ஆட்டக்காரனைக் கைகாட்டிக் கூப்பிட்டான்.

அன்புமணி களத்தைவிட்டு வெளியே வந்தான். பொன்னுத்துரை விரலை அசைத்துக் கூப்பிட்டார்.

"என்னப்பா, அடியா?"

"பழைய அடி சார்."

"எந்தக் கால்?" அவர் உறை போட்டிருந்த காலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

களத்தில் முருகேசன் கத்துவது கேட்டது.

"மொதல்ல வலது. இப்ப ரெண்டும் சார். டாக்டர் ஆடக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. கம்பி பெல்ட் போடச் சொல்லிருக்காரு. அதப் போட்டா ஆட முடியாது."

"எப்பச் சொன்னார்?"

"இந்த வாரம்."

பொன்னுத்துரை கலர் பாட்டிலை நாற்காலிக்கு அடியில் வைத்தார். அவர் கோபப்படவில்லை. இன்னும் எத்தனை பேரிடம் இதே மாதிரிப் பேச வேண்டியிருக்குமோ என்ற களைப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

"ஆடாத ஆளை ஸ்டோர்ல வெச்சிருக்க என்னால முடியாது. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"ரிங் ஃபிரேமுல ஆள் வேணும். அந்த பெல்ட்டோட நடக்க முடியுமா உன்னால?"

"அதோட நடந்து பாத்தேன் சார். படி எறங்க முடிஞ்சுது."

"ஷிஃப்ட் முழுக்க?"

"அது தெரியல சார். நடந்து பாக்குறேன்."

"பாரு" என்றார் பொன்னுத்துரை. "முடியலைன்னா எங்கிட்ட வந்து சொல்லு. இதுமாதிரி ஒளிச்சு வைக்காத." வேறு என்ன செய்வார் என்று அவர் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

ஆலை அணி தோற்றது. வேனில் திரும்பினார்கள். முருகேசன் முன் இருக்கையில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தான். இறங்கும்போது மட்டும், திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினான். அன்புமணி அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

மறுநாள் காலையில் மகேஸ்வரி கடைக்குக் கூட வந்தாள். தாஹிரா இந்தத் தடவை எந்தக் கால் என்று கேட்கவில்லை. மகேஸ்வரியே சொன்னாள், ரெண்டு காலுக்கும் என்று. ஒரு பெல்ட்டை மட்டும் இப்போது வாங்கி, இடதுக்கு அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அன்புமணி இழுத்தான். "அடுத்த மாசம் நீயா வந்து வாங்குவேன்னு நான் நம்பணுமா?" என்று அவள் கேட்டதும் தாஹிரா இரண்டாவது பெட்டியையும் எடுத்து வைத்தாள். அவன் இரண்டையும் பேன்ட்டுக்கு மேலே கட்டிக்கொண்டு கடையைவிட்டு வெளியே வந்தான். சாலையில் போனவர்கள் பார்த்தார்கள். நல்ல கால் என்று சொல்ல இப்போது அவனிடம் ஒன்றும் இல்லை. அது ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது.

மதிய ஷிஃப்ட்டில் அவனை ரிங் ஃபிரேமுக்கு அனுப்பினார்கள். எந்திரச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் கேட்காது. வெக்கையும் ஈரமும் கலந்த காற்று. நூல் ஒட்டுகிற வேலையில் அவன் விரல் பழகியிருக்கவில்லை. வருகைப் பதிவில் ஒன்பது வருடமாக அங்கே இருந்தவனுக்கு, அறுந்த நுனியைப் பிடிப்பது எப்படி என்று அய்யம்மாள் சொல்லிக்கொடுத்தாள். பல வருடமாக அங்கே சைடராக இருக்கிறவள். ஆடியதில்லை, ஓடியதில்லை. அந்த இரண்டு வரிசைகளுக்கு நடுவில் நடந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

பெல்ட் தாங்கியது. முழங்கால் நழுவவில்லை. ஆனால் வலி குறையவில்லை. இரண்டு மணி நேரம் போனதும் அது முழங்காலிலிருந்து கிளம்பித் தொடைக்கும் இடுப்புக்கும் இடம் மாறிப் போய்க்கொண்டிருந்தது. கடையில் யோசிக்காத ஒன்றும் இங்கே வந்து சேர்ந்தது. காற்றில் மிதந்த பஞ்சுத் தூசி ஒட்டுப்பட்டைகளில் அப்பிக்கொண்டு, அவை ஒட்டாமல் பிரிந்து பிரிந்து வந்தன.

டீ இடைவேளையில் அவன் வெளிச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பட்டைகளைப் பிரித்து, சிக்கியிருந்த பஞ்சை நகத்தால் கிள்ளி எடுத்தான். அய்யம்மாள் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்றால், முதலில் ஒரு கையைச் சுவரில் ஊன்றி, அடுத்த கையைத் தரையில் ஊன்றி, மெதுவாகத் தன்னைக் கீழே இறக்கிவைத்தாள். கொஞ்ச நேரம் அவன் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது பந்தயம் ஆடுறவுகளுக்கு மட்டுந்தான் விப்பாகளாய்யா? இல்ல, சும்மா கேக்கேன்."

"இல்லக்கா. யாரு கேட்டாலும் குடுப்பாக."

"சேலைக்கு உள்ளார கட்ட முடியுமா?"

அவன் வலது காலில் இருந்ததைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சேலை மேலேயே அதை முழங்காலில் வைத்து அளவு பார்த்தாள். பெரிதாக இருந்தது. கீலை இரண்டு தடவை மடக்கி நீட்டினாள்.

"நாளைக்கு அந்தக் கடையக் காமிய்யா, எம் பக்கத்துல நடக்குறவளையும் கூட்டிட்டு வாரேன்" என்றாள். "அவளுக்கு எந்தக் காலுன்னு அவளே சொல்லட்டும்."

சங்கு ஊதியது. அவள் பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அவன் அதைக் கட்டி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு இருவரும் ஆளுக்கொரு கையைச் சுவரில் ஊன்றி எழுந்தார்கள்.